சத்தமா, சங்கதியா? ஒரு மெட்டல் ஆல்பமும் ஆறு பேரின் கருத்தும்

"ஒரே சத்தம்!"

மெட்டல் இசையைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் கருத்து பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அதைக் கேட்கும் பிள்ளைகளின் பதிலும் இரண்டே சொற்கள்தான்: "உங்களுக்குப் புரியாது!" பிறகு அறைக் கதவு சாத்தப்படும், காதில் ஹெட்போன் ஏறும். இரு தரப்பும் கருத்துச் சொல்லிவிட்டதாக நினைக்கின்றன. உண்மையில் இருவருமே காரணம் எதையும் சொல்லவில்லை.

காரணத்தோடு பேசினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினேன். ஒரே ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை ஆறு பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்களின் கருத்தைக் கேட்டேன். மூவர் பிரிக்பீல்ட்ஸில், மூவர் கிள்ளானில். ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் மாணவர்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எந்த ஆல்பம்?

மெட்டல்கோர் என்பது ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை. இரண்டும் சேரத் தொடங்கியது 1980களில். பெயர் நிலைத்தது 1990களில். இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஒரே பாடலில் உறுமும் குரலும் இனிமையாகப் பாடும் குரலும் மாறி மாறி வரும். கிட்டாரின் தந்திகளை வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதியில் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பிரேக்டவுன்' என்ற பகுதி இருக்கும். வேகமாக ஓடிக்கொண்டிருந்த தாளம் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும். கிட்டாரும் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் ஒன்றாகச் சேர்ந்து இடிக்கும். ரசிகர்கள் தலையாட்டுவது அங்கேதான்.

இந்த வகையில் புகழ்பெற்ற குழுக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்தவை. நம் பக்கத்திலிருந்து ஒன்றை எடுக்கலாம் என்று தேடி, புதுடெல்லியின் பிளட்டிவூட் குழுவைத் தேர்ந்தெடுத்தேன். 2016-இல் பாலிவுட் பாடல்களை மெட்டல் பாணிக்கு மாற்றி யூடியூப்பில் வேடிக்கையாக வெளியிட்டுத் தொடங்கிய குழு இது. பெயரே பாலிவுட்டைக் கிண்டல் செய்வதுதான். இசையமைத்து, கிட்டாரும் புல்லாங்குழலும் வாசிக்கும் கரண் கதியார் வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஜெயந்த் பதுலா பாடவும் உறுமவும் செய்கிறார். ரவுல் கெர் ஆங்கிலத்தில் ராப் பாடுகிறார். 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடையில் ஏறிய பிறகுதான் உலகம் இவர்களைக் கவனித்தது.

இவர்களின் சொந்தப் பாடல்கள் அடங்கிய முதல் ஆல்பம் 'ரக்ஷக்'. பொருள், காப்பவன். 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. 10 பாடல்கள், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். இந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் மூன்றும் உண்டு. மெட்டல் கிட்டாரோடு தோல் மேளமும் புல்லாங்குழலும் சேர்ந்து ஒலிக்கும்.

கேட்ட விதம்

மூன்று நிபந்தனைகள் விதித்தேன். முதலாவது, காணொளி பார்க்கக்கூடாது, காதால் மட்டும் கேட்க வேண்டும். இரண்டாவது, கேட்டு முடித்ததும் வாயைத் திறக்காமல் மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மூன்றாவது, ஆல்பத்தை இரண்டு முறை கேட்க வேண்டும். இரண்டாவது முறை மட்டும் பாடல்களின் பொருளை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்தேன்.

முதல் முறை எழுதிய தாள்களில் நான்கில் 'சத்தம்' என்ற சொல் இருந்தது. இரண்டாவது முறை எழுதியதில் ஒன்றில்கூட இல்லை. பிடிக்காதவர்களுக்கு அப்போதும் பிடிக்கவில்லைதான். ஆனால், என்ன பிடிக்கவில்லை என்று அவர்களால் பெயர் சொல்ல முடிந்தது.

உறுமி வாசிப்பவரின் காது

கிள்ளானைச் சேர்ந்த படிவம் 5 மாணவர் ஒருவர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறார். மெட்டல் கேட்டுப் பழக்கமே இல்லை. பிரேக்டவுனை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. "அண்ணே, இங்க இறக்குறாங்க பாருங்க. சாமி வர்றப்ப நாங்களும் இப்படித்தான் இறக்குவோம்" என்றார்.

அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். காவடி நடையில் மேளம் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தால் யாருக்கும் சிலிர்க்காது. வேகம் கூட வேண்டும், நிற்க வேண்டும், பிறகு கனமாக விழ வேண்டும். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், அடி விழப் போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பிரேக்டவுனுக்கு முன்பு மெட்டல் குழுக்களும் இதைத்தான் செய்கின்றன. ஒரு நொடி அமைதி, அல்லது ஒரே ஓர் உறுமல், பிறகு இடி.

பிளட்டிவூட் பயன்படுத்தும் பஞ்சாபி தோலுக்கும் இரண்டு குச்சிகள். கனமான வளைந்த குச்சி தாழ்ந்த ஒலிக்கு, மெல்லிய குச்சி கூர்மையான ஒலிக்கு. மெல்லிய குச்சியின் வேலை கிட்டாரின் இரைச்சலில் பல இடங்களில் அமுங்கிவிடுகிறது என்பது அந்த மாணவரின் குறை. மேளத்தைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பேச விடவில்லை என்று எழுதியிருந்தார். ஓர் இசை விமர்சகர் எழுதினால் பாராட்டக்கூடிய வாக்கியம் அது.

தைப்பூசக் காலத்தில் உறுமி மேளத்தைப் பற்றியும் "சத்தம்" என்ற புகார் எழுவதை நாம் அறிவோம். சில குழுக்கள் பக்தியை மறந்து சினிமாப் பாட்டு வாசிப்பதைக் கண்டிப்பதில் நியாயம் உண்டு. அது காரணத்தோடு சொல்லப்படும் கருத்து. ஆனால், மேளம் ஓங்கி ஒலிப்பதையே குற்றமாகச் சொன்னால், பறையும் தவிலும் கேட்டு வளர்ந்த சமூகம் தன் காதையே மறுப்பதாக ஆகிவிடும்.

தொண்டை கிழியாதா?

பிரிக்பீல்ட்ஸில் கேட்டவர்களில் ஒருவர் கர்நாடக சங்கீதம் பயிலும் பல்கலைக்கழக மாணவி. உறுமும் குரல் அவருக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. "இப்படிக் கத்தினா இவர் குரல் ஒரு வருஷம்கூட தாங்காது" என்றார்.

நியாயமான சந்தேகம். ஆனால், பயிற்சி பெற்ற உறுமல் வெறும் கத்தல் அல்ல. நாம் பேசவும் பாடவும் பயன்படுத்தும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உள்ளன. 'போலிக் குரல்நாண்கள்' என்பார்கள். உறுமும் பாடகர்களில் பலர் அந்த மடிப்புகளை அதிர வைக்கிறார்கள். மூச்சை வயிற்றிலிருந்து கட்டுப்படுத்தி, தொண்டையில் இறுக்கம் வராமல் செய்ய வேண்டும். நேரில் கேட்டால் அது நாம் நினைக்கும் அளவுக்கு உரக்கவும் இருப்பதில்லை. பெரும் பங்கை மைக் பார்த்துக்கொள்கிறது. இந்த முறை தெரியாமல் குளியலறையில் கத்திப் பழகினால் குரல் கெடும். ஆசை உள்ளவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை விளக்கிய பிறகு இரண்டாவது முறை கேட்டபோது, அந்த மாணவி மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது என்று எண்ணத் தொடங்கினார். உறுமல் அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால், 'சஞ்சீரோ சே' என்ற பாடலில் ஜெயந்த் உறுமலை விட்டு மெல்லிய குரலுக்கு வரும் இடங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. அந்த மென்மை எடுபடுவதற்கு முன்னால் வந்த முரட்டுத்தனமே காரணம் என்று எழுதினார். கூடவே ஒரு விமர்சனமும் வைத்தார்: புல்லாங்குழல் மெட்டுகள் அழகாகத் தொடங்குகின்றன, ஆனால் வளர்வதில்லை, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது குறைதான். நான்கு நிமிடப் பாடலில் அதற்கு இடம் உண்டா என்பது வேறு கேள்வி.

இது மெட்டல்கோரே இல்லை!

மூன்றாமவர் ஷா ஆலாமில் பொறியியல் படிக்கும் மாணவர். கிட்டார் வாசிக்கிறார், நாள் முழுவதும் மெட்டல்கோர் கேட்கிறார். இவருக்கு நிச்சயம் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆறு பேரிலும் கடுமையான தீர்ப்பு இவருடையதுதான்.

இது மெட்டல்கோர் அல்ல என்பது அவர் வாதம். ராப் வருவதால் நூ மெட்டல். 2000-இல் லிங்கின் பார்க் 'ஹைபிரிட் தியரி'யில் செய்ததன் தொடர்ச்சி. நாட்டுப்புற வாத்தியங்கள் வருவதால் ஃபோக் மெட்டல். பிரேக்டவுனை மட்டும் மெட்டல்கோரிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தோலையும் குழலையும் எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் கிட்டார் வரிகள் ஏற்கெனவே பலமுறை கேட்டவை என்றார். இன்னொன்றும் சொன்னார்: 10 பாடல்களில் நான்கு 2019, 2020-லேயே தனித்தனியாக வெளிவந்துவிட்டன, ஆகவே இது ஓர் ஆல்பமாக யோசித்துக் கட்டப்பட்டதல்ல, சேர்த்து வைக்கப்பட்ட தொகுப்பு.

வகை பற்றிய அவர் வாதத்தை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால், வகைப் பெயர் சரியில்லை என்பதால் பாடல் சரியில்லை என்று ஆகாது. புதுக்கவிதை வந்தபோது அது கவிதையே அல்ல என்றவர்கள் இருந்தார்கள். யாப்பில் இல்லை என்பது சரியான கவனிப்பு. ஆகவே மதிப்பில்லை என்பது தவறான முடிவு. 'இது எந்த வகை', 'இது எப்படி இருக்கிறது' என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்கப் பழகுவது நல்லது.

'ஏற்கெனவே கேட்ட கிட்டார் வரிகள்' என்ற குறை மட்டும் எனக்கும் உறைத்தது. அதற்குப் பிறகு நான் ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. நல்ல விமர்சனம் அப்படித்தான். ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

நம்ம மொழியில் இல்லையே

நான்காமவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றுவரும் மாணவி. மேற்கத்திய இசையில் நம் வாத்தியங்களைக் கேட்டதும் மகிழ்ந்ததாகவும், மொழி இந்தி என்று தெரிந்ததும் அந்த மகிழ்ச்சி குறைந்துவிட்டதாகவும் எழுதினார். ஐரோப்பியர் இதைக் கேட்டு, இதுதான் இந்தியர்களின் மெட்டல் என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார்.

அவருக்கு நான் சொன்னது ஒரு பெயர்: ருத்ரா. சிங்கப்பூரில் 1992-இல் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய மெட்டல் குழு. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் அவர்கள் ஊர். பாடகரும் பாஸ் கிட்டார் கலைஞருமான கதிர், வேதாந்தம் பயின்றவர். ஆங்கிலத்தோடு சமஸ்கிருத மந்திரங்களையும் சேர்த்துப் பாடிய இவர்கள், தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1998-இல் முதல் ஆல்பம். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற முத்தொகுப்பு. சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜீன் டைரியநாதன் இவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். பிளட்டிவூட் தொடங்குவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, நம் பக்கத்து ஊர்த் தமிழர்கள் இந்த வழியில் நடந்துவிட்டார்கள். அன்று என்னோடு இருந்த ஆறு பேரில் இந்தப் பெயரைக் கேட்டிருந்தவர் ஒருவர் மட்டுமே, அந்தப் பொறியியல் மாணவர்.

ஆனால், அந்தப் பயிற்சி ஆசிரியை விடவில்லை. "அவங்களும் தமிழில பாடலையே" என்றார். உண்மைதான். தமிழ் இந்த இசைக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ராப் இசைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 1990களின் இறுதியில் பொயட்டிக் அம்மோ குழுவும், பின்னர் 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தில் தமிழ் ராப்பை நிலைநாட்டியதும் இதே மலேசிய மண்ணில்தான். தமிழ்நாட்டு இளைஞர்கள் அதைக் கேட்டுப் பிறகு தொடர்ந்தார்கள். வல்லின றகரமும் டகரமும் உள்ள மொழிக்கு உறுமத் தெரியாதா என்ன?

அங்கிளின் கேள்வி

ஐந்தாமவர் மாணவர் அல்ல. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருக்கும், ஐம்பதைத் தாண்டிய அங்கிள். பெற்றோர் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று அழைத்தேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதைக் கேட்டா பிள்ளைங்களுக்குக் கோபம் வராதா தம்பி?"

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் இருவரும் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 34 வயது வரையிலான 39 மெட்டல், பங்க் ரசிகர்களைத் தேர்ந்தெடுத்து, கோபமூட்டிய அனுபவங்களைப் பேச வைத்து முதலில் சினத்தைக் கிளப்பினார்கள். பிறகு பாதிப் பேரைத் தாங்கள் விரும்பிய இசையைப் பத்து நிமிடம் கேட்கச் சொன்னார்கள். மீதிப் பேரை அமைதியாக உட்காரச் சொன்னார்கள். இசை கேட்டவர்களின் கோபம் கூடவில்லை. பகைமையும் எரிச்சலும் மன அழுத்தமும், அமைதியாக இருந்தவர்களுக்குக் குறைந்ததைப் போலவே அவர்களுக்கும் குறைந்தன. ஊக்கம் கூடியதாகவும் சொன்னார்கள்.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கை குறைவு. அனைவரும் ஏற்கெனவே இந்த இசையின் ரசிகர்கள். பிடிக்காத ஒருவருக்கு இதே இசையைப் போட்டால் எரிச்சல் வரலாம். ஆக, "மெட்டல் மனத்துக்கு நல்லது" என்று இதை வைத்து முழங்க முடியாது. ரசிகர்களை அது வெறியர்களாக்கும் என்ற பயத்துக்கு இந்த ஆய்வு ஆதரவு தரவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அங்கிள் சிரித்தார். அவர் இளமையில் சர்ச், விங்ஸ் போன்ற மலாய் ராக் குழுக்களின் ரசிகர். 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்ற முடியாது என்றானபோது, சர்ச் குழுவின் எமியும் விங்ஸ் குழுவின் அவியும் முடியை வெட்டிக்கொண்ட செய்தி அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது தம் அப்பா "பாத்தியா?" என்று கேட்டதையும் சொன்னார்.

இந்த நாட்டில் கன ரக இசை மீதான ஐயம் அதோடு முடியவில்லை. 2001-இல் பிளாக் மெட்டல் பற்றிய பெரும் பரபரப்பு எழுந்தது. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம், பிளாக் மெட்டல் இஸ்லாத்துக்கு முரணானது என்று முடிவு செய்தது. 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி மெட்டாலிக்கா குழு மெர்டேக்கா அரங்கில் இசை நிகழ்ச்சி படைத்தது. அடுத்த மாதமே நடக்கவிருந்த லாம்ப் ஆஃப் காட் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சிக்கு அனுமதி இல்லை என்றாகிவிட்டது. சமய நம்பிக்கை சார்ந்த ஆட்சேபங்களை நாம் மதிக்க வேண்டும். அதே வேளையில் பிளாக் மெட்டல், மெட்டல்கோர், ஃபோக் மெட்டல் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் எல்லாரையும் ஒரே பட்டியலில் எழுதுவது, கேட்காமலேயே கருத்துச் சொல்வதுதான்.

இரண்டாவது முறை பொருளோடு கேட்டபோது அங்கிளின் ஆட்சேபம் இசையை விட்டுச் சொற்களுக்குப் போனது. ஒரு பாடலின் தலைப்பே இந்தி வசைச்சொல்லின் சுருக்கம். 'தனா தன்' என்ற பாடல் பெண்கள் மீதான பாலியல் வன்முறைக்கு எதிரானது. ஆனால் குற்றவாளியை அடித்து நொறுக்குவதுதான் பதில் என்று போகிறது. கோபம் நியாயமானது, வழி நியாயமானதா என்று அங்கிள் கேட்டார். அடிப்பதாகப் பாடுவதும் அடிப்பதும் ஒன்றல்ல என்று பயிற்சி ஆசிரியை மறுத்தார். இருவரும் அரை மணி நேரம் விவாதித்தார்கள். முடிவுக்கு வரவில்லை. ஆனால், "ஒரே சத்தம்", "உங்களுக்குப் புரியாது" என்று யாரும் சொல்லவில்லை.

ஆறாவது தாள்

கடைசியாக, படிவம் 6 மாணவி ஒருவர். அதிகம் பேசமாட்டார். மற்றவர்கள் மேளத்தையும் மொழியையும் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தபோது, தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் முறை எழுதியது: "சத்தம். தலை வலிக்கிறது. பாதியில் நிறுத்தலாம் என்று தோன்றியது." இரண்டாவது முறை மூன்று வாக்கியங்கள் இல்லை, ஒன்றுதான்: "'எண்டியூரன்ட்' பாடலைப் படிவம் 2 படிக்கும்போது கேட்டிருக்கலாம்."

'எண்டியூரன்ட்' பகடிவதையைப் பற்றிய பாடல். துன்புறுத்தப்படுபவரைப் பார்த்து, நீ தாங்கி நிற்பாய், எழுந்து வருவாய் என்று சொல்வது. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே பிறகு கொஞ்சம் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால், ஒன்றை எழுத அனுமதி கொடுத்தார். அந்தக் காலத்தில் எல்லாரும் அவரிடம் மெதுவான குரலில் "பொறுத்துக்கோ" என்றார்களாம். உரத்த குரலில் யாராவது அவருக்காகக் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். பாடலில் ஒருவர் அப்படிக் கோபப்படுகிறார்.

இதைக் கேட்ட பிறகு, இந்த இசை ஏன் இவ்வளவு உரக்க இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. நம் பாட்டிமார் இழவு வீட்டில் மெல்லிய குரலில் ஒப்பாரி பாடியதில்லை. சில துன்பங்களுக்குத் தாழ்ந்த குரல் போதாது.

அதே ஆல்பத்தில் 'ஜீ வீரே' என்ற பாடல் மனச்சோர்வைப் பற்றியது. அதை வெளியிட்டபோது, ஆலோசகரோடு இணையவழி பேசும் வாய்ப்பைத் தங்கள் செலவில் ரசிகர்களுக்குக் குழுவினர் வழங்கினார்கள். பாட்டு மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் நாட்டிலும் பேச ஆள் உண்டு: பிரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். ஹெட்போன் ஒரு மணி நேரம் துணை நிற்கும். அதற்கு மேல் மனிதர்கள் வேண்டும்.

கருத்து எழுதுவது எப்படி?

மாணவர்களே, ஓர் ஆல்பத்தைப் பற்றியோ நூலைப் பற்றியோ கருத்து எழுதும்போது இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தேர்வில் கவிதை நயம் எழுதும்போதும் இவை கைகொடுக்கும்.

ஒன்று: நான் கேட்டது என்ன? பிடித்ததா இல்லையா என்பதற்கு முன்னால், எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். உறுமி வாசிப்பவர் செய்தது இதைத்தான்.

இரண்டு: இதைச் செய்தவர் என்ன செய்ய முயன்றார்? ஆலாபனை செய்ய முயலாதவரிடம் ஆலாபனையை எதிர்பார்க்கலாம், ஆனால் அது நம் எதிர்பார்ப்பு என்று தெரிந்து எதிர்பார்க்க வேண்டும்.

மூன்று: என் கருத்து எதிலிருந்து வருகிறது? மொழிப் பற்றிலிருந்தா, வளர்ந்த சூழலிலிருந்தா, பட்ட துன்பத்திலிருந்தா? அங்கிருந்து வருவது தவறல்ல. அதை ஒளிப்பதுதான் தவறு.

நான்கு: எனக்கு எதிரான கருத்தில் சரியானது எது? அதில் ஒன்றையாவது கண்டுபிடிக்க முடியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ரக்ஷக்' குறையில்லாத ஆல்பம் அல்ல. கிட்டார் வரிகள் பழகியவை, சில பாடல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால், மேளமும் இடியும் ஒன்றாக இறங்கும் இடங்களில் அது நம் உடம்புக்குத் தெரிந்த ஒன்றைப் பேசுகிறது. குழுவின் அடுத்த ஆல்பமான 'நூ டெல்லி' 2025 மார்ச்சில் வந்துவிட்டது. அதையும் சேர்த்துக் கேட்டு, முன்னேற்றமா தேக்கமா என்று நீங்களே எடைபோடலாம்.

கேட்டு முடித்ததும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை வீட்டில் "ஒரே சத்தம்" என்று சொல்பவரிடம் கொடுத்து, அவரையும் மூன்று வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். கிள்ளானில் அந்த உறுமி மாணவர் இதைத் தன் அப்பாவிடம் செய்து பார்த்தாராம். அப்பா இரண்டு வாக்கியங்கள்தான் எழுதினார். இரண்டாவது வாக்கியம் ஒரு கேள்வி: "அந்த மேளம் அடிக்கிற பாட்டு எத்தனாவது?"